கிராபிக்ஸ் கார்டு சூடாகிறதா? முதலில் இந்தத் தவறுகளைச் செய்யாதீர்கள்

கேம் ஓடும்போது 75 டிகிரி காட்டுகிறது என்று பதறிப்போய் கேபினெட் கதவைக் கழற்றிவிட்டு டேபிள் ஃபேனைத் திருப்பி வைக்கிறவர்கள் நிறைய. தேவையே இல்லை. முழு லோடில் 65 முதல் 80 வரை சர்வசாதாரணம். என்விடியா ஆர்டிஎக்ஸ் 3080-க்கு 93, 4090-க்கு 90 டிகிரி என்று உச்ச வரம்பு கொடுத்திருக்கிறது. அதைத் தொட்டாலும் கார்டு எரிந்துவிடாது, தானே கிளாக்கை, அதாவது வேகத்தை, குறைத்துக்கொள்ளும். அதற்காக தினமும் 88-லேயே ஓட்டலாம் என்று நினைக்க வேண்டாம், ஃபேன் இரைச்சலே உங்களை விடாது.

பெரிய தவறு, ஒரே ஒரு எண்ணை மட்டும் பார்ப்பது. டாஸ்க் மேனேஜர் காட்டுவதுபோக ஹாட்ஸ்பாட் என்று ஒன்று உண்டு, சிப்பிலேயே அதிகம் சூடான இடம் அது. ஏஎம்டி ஆர்எக்ஸ் 5700 எக்ஸ்டி-யில் ஹாட்ஸ்பாட் 110 வரை போகலாம் என்று அந்த நிறுவனமே சொன்னது, அதை நண்பரின் என்விடியா கார்டின் கோர் வெப்பநிலையோடு (டாஸ்க் மேனேஜர் காட்டும் அந்த எண்) ஒப்பிட்டுப் புலம்புவதில் அர்த்தமில்லை. கோருக்கும் ஹாட்ஸ்பாட்டுக்கும் வித்தியாசம் 10, 15 என்றால் சரி. 30-ஐத் தாண்டினால் சிப்பின் மேல் தடவிய தெர்மல் பேஸ்ட் காய்ந்திருக்கலாம், அல்லது சூட்டை இழுக்கும் உலோக ஹீட்சிங்க் சரியாக உட்காராமல் இருக்கலாம். அப்புறம் மெமரி. 3080, 3090 கார்டுகளில் கோர் 65-ல் சமர்த்தாக இருக்கும்போதே அவற்றின் ஜிடிடிஆர்6எக்ஸ் வகை மெமரி 100-ஐத் தாண்டி நிற்கலாம். ஹெச்டபிள்யூஇன்ஃபோ (HWiNFO) என்ற சாஃப்ட்வேரைப் போட்டுப் பாருங்கள், தெரியும்.

பார்த்ததும் கார்டைப் பிரித்துவிடாதீர்கள். மெமரிக்கும் ஹீட்சிங்குக்கும் நடுவில் வைக்கும் தெர்மல் பேடின் தடிமன் தெரியாமல் கிடைத்ததை ஒட்டினால் ஹீட்சிங்க் சிப்பிலிருந்து எழும்பிவிடும், முன்பைவிட மோசமாகச் சூடாகும், வாரன்டியும் போகலாம். தூசிக்கு ப்ளோயர் அடிக்கும்போது ஃபேனை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள், கண்டபடி சுற்றவிட்டால் பேரிங் கெடும். சும்மா இருக்கும்போது ஃபேன் சுற்றவில்லையே என்று கடைக்கு ஓடாதீர்கள், பல கார்டுகளில் 50 டிகிரி வாக்கில்தான் சுற்றவே ஆரம்பிக்கும்.

கோடையில் அறை 25-லிருந்து 35 ஆனால் கார்டும் ஏறக்குறைய அதே 10 டிகிரி ஏறும், அது கோளாறு இல்லை. செலவில்லாமல் சூட்டைக் குறைக்க வேண்டுமானால் முதலில் எஃப்பிஎஸ்-ஐ (நொடிக்கு எத்தனை ஃப்ரேம் என்பதை) கட்டுப்படுத்துங்கள்; 60 ஹெர்ட்ஸ் மானிட்டர் வைத்துக்கொண்டு 180 ஃப்ரேம் ஓட்டினால் மிச்சமெல்லாம் வெறும் சூடுதான். அதிலும் போதவில்லையென்றால் எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர் என்ற சாஃப்ட்வேரில் கொஞ்சம் அண்டர்வோல்ட் செய்து, அதாவது சிப்புக்குப் போகும் வோல்டேஜைக் குறைத்து, பார்க்கலாம்.