காடு திருத்துன பூட்டனைத் தேடுறீங்களா, பேரை விட்டுட்டு நிலத்தைப் புடிங்க

எங்க அப்பத்தா சொன்னது இவ்வளவுதான், "தாது வருஷப் பஞ்சத்துல மேக்க இருந்து வந்தோம், ஓடைக்கு வடக்க இருந்த முள்ளுக்காட்டை வெட்டித் திருத்துனோம்." தாது வருஷம்னா 1876, எந்த ஊர்ல இருந்து, எத்தனை பேரு, யாரு முன்னால வந்தா, ஒண்ணும் கிடையாது. நானும் மொதல்ல எல்லாரையும் போல பேரை வச்சுத் தேடுனேன், ஆறு மாசம் வீணாப் போச்சு. ஏன்னா நம்ம பக்கம் பாட்டன் பேரைத்தான் பேரனுக்கு வைக்கிறாங்க, ஒரே பேர்ல அந்த ஊர்ல நாலு பேரு, எவரு நம்மாளுன்னு எப்படிச் சொல்றது. ஆனா நிலம் நகராது. அதனால குடும்பத்து கைல இருக்குற (இல்ல ஒரு காலத்துல இருந்த) ஒரே ஒரு காட்டை எடுத்துக்கிட்டு அதோட சர்வே நம்பரைப் புடிச்சு பின்னாடியே போங்க.

இன்னைக்குள்ள பட்டாவும் அ பதிவேடும் (சர்வே நம்பர் வாரியா நில விவரம் இருக்குற கிராமப் பதிவேடு) அரசு இணையதளத்துலயே கிடைச்சுடும். அதுக்கு முந்தி யூடிஆர், அதாவது 1979-ல ஆரம்பிச்சு 87 வரைக்கும் நில ஆவணத்தை எல்லாம் புதுப்பிச்சாங்களே அந்தப் பதிவேடு. அதுல பேர் மாறி ஏறுன கேஸ் நிறைய, அதனால அதை மட்டும் நம்பி முடிவு கட்டாதீங்க. அதுக்கும் முந்தினது எஸ்எல்ஆர்னு சொல்ற செட்டில்மெண்ட் பதிவேடு, நிலத்துக்குத் தீர்வை நிர்ணயம் பண்ணப்ப எழுதுனது, பெரும்பாலும் வெள்ளைக்காரன் காலத்துது, இதைத்தான் நீங்க குறி வைக்கணும். தாலுகா ஆபீஸ்லயோ கலெக்டர் ஆபீஸ் ரிக்கார்டு ரூம்லயோ மனு போட்டு நகல் கேளுங்க, அங்க இல்லைன்னா சென்னை எழும்பூர்ல இருக்குற தமிழ்நாடு ஆவணக் காப்பகம். சர்வே நம்பர் வர்றதுக்கு முந்தி இருந்தது பைமாஷ் நம்பர், அதாவது பழைய அளவையில நிலத்துக்குக் குடுத்த எண், பழைய செட்டில்மெண்ட் பதிவேட்டுல ரெண்டு நம்பரும் பக்கத்துல பக்கத்துல இருந்தா விடாம எழுதிக்குங்க, அதுக்குப் பின்னாடி போறதுக்கு அதுதான் பாலம்.

காடு திருத்துன குடும்பம்னா ரெண்டு வார்த்தைய மனசுல வச்சுக்கணும். ஒண்ணு தர்க்காஸ்து, சர்க்கார் தரிசை எனக்குக் குடுங்கன்னு மனு போட்டு வாங்குறது. இன்னொண்ணு சிவாய் ஜமா, பட்டா இல்லாமலே உழுதவங்க மேல தீர்வை போட்டது. எத்தனையோ குடும்பம் மொதல்ல சிவாய் ஜமாவுல உழுது அப்புறம்தான் பட்டா வாங்கியிருக்கு, அதனால பட்டா தேதிதான் ஊருக்கு வந்த தேதின்னு நினைச்சுடாதீங்க. உங்க ஊரு ஜமீனா இருந்துச்சா, இனாமா (மானியமா விட்ட ஊரு) இருந்துச்சா, ரயத்துவாரியான்னும் (உழவங்க நேரா சர்க்காருக்குத் தீர்வை கட்டுற ஊரு) மொதல்லயே கேட்டுக்குங்க. ஜமீன் ஊருன்னா 1948 ஒழிப்புச் சட்டத்துக்கு முந்தின கணக்கு ஜமீன்கிட்டதான் இருந்திருக்கும், தாலுகா ஆபீஸ்ல போய் அலைஞ்சு பிரயோஜனம் இல்ல.

அடுத்தது பத்திரம். வில்லங்கம், அதாவது ஒரு நிலத்து மேல பதிவான பத்திரங்களோட பட்டியல், ஆன்லைன்ல ஒரு குறிப்பிட்ட வருஷத்துலேர்ந்துதான் வரும், அதுக்கு முந்தி வேணும்னா சார்பதிவாளர் ஆபீஸ்ல தேடச் சொல்லி மனு போடணும். கிரயப் பத்திரத்தை விட பாகப்பிரிவினைப் பத்திரம் பத்து மடங்கு உசத்தி, அண்ணன் தம்பி அத்தனை பேரும் தகப்பனார் பேரோட வரிசையா நிப்பாங்க. செக்குபந்திய, அதாவது பத்திரத்துல நாலு பக்க எல்லை சொல்ற பகுதிய, யாரும் படிக்கிறதில்ல, ஆனா நான் மொதல்ல அங்கதான் போவேன். "ஓடைக்கு வடக்கு, இன்னார் புஞ்சைக்கு மேற்கு"ன்னு இருக்கும், அந்த இன்னார் பெரும்பாலும் பங்காளியாத்தான் இருப்பாரு, கூடவே காடு வெட்ட வந்தவரு. அவரோட சர்வே நம்பரையும் எடுத்துப் பின்னாடி போனா உங்க வீட்டுக் கதையில விட்டுப்போன கிளை கிடைக்கும்.

படிக்கிறப்ப தடுமாறுற இடம் தேதிதான். பசலின்னு (ஜூலையில ஆரம்பிக்கிற வருவாய்க் கணக்கு வருஷம்) போட்டிருந்தா 590 கூட்டுங்க, பசலி 1320-ன்னா 1910 ஜூலையில ஆரம்பிச்சு 1911 ஜூன் வரைக்கும். தமிழ் வருஷம் மட்டும் இருந்தா 60 வருஷத்துக்கு ஒருக்கா அதே பேர் வரும், பிரபவன்னா 1867-ஆ 1927-ஆன்னு முத்திரைத்தாளைப் பாத்துத்தான் சொல்லணும். ௳ நாள், ௴ மாசம், ௵ வருஷம், ௸ மேற்படி, ௹ ரூபாய், இத ஒரு துண்டுத் தாள்ல எழுதி சட்டைப் பையில வச்சுக்குங்க. மேற்படி குறிய விட்டுட்டா யாரோட மகன் யாருன்னே மாறிப்போயிடும்.

சென்சஸ்ல தேடாதீங்க, 1871-லேர்ந்து எடுத்திருக்காங்கதான், ஆனா வீட்டு வாரியா பேர் எழுதுன தாளெல்லாம் வச்சுக்கல, கூட்டுத்தொகை மட்டும்தான் மிச்சம். கிராமத்து பிறப்பு இறப்புப் பதிவேடு, பழைய ஸ்கூல் அட்மிஷன் ரிஜிஸ்டர், கிறிஸ்தவக் குடும்பம்னா கோயில் ஞானஸ்நானப் பதிவேடு, குலதெய்வக் கோயில் தலைக்கட்டு வரி நோட்டு, இதெல்லாம் பாருங்க. 1980-ல கர்ணம், அதாவது ஊர்க் கணக்குப்பிள்ளை, வேலைய ஒழிச்சப்ப சில கணக்குக் கட்டுக அந்தந்த வீட்டுப் பரண்லயே தங்கிருச்சு, ஊர்ல பழைய கணக்குப்பிள்ளை வீடு எதுன்னு விசாரிச்சு, மரியாதையா போய் உக்காந்து பேசிப் பாருங்க.

எங்க பூட்டன் தொண்ணூறு வயசு வாழ்ந்தாருன்னுதான் வீட்டுல எல்லாரும் சொல்லுவாங்க. செக்குபந்திய வச்சு தேடுனதுல 1919 பத்திரம் ஒண்ணு கிடைச்சுது, அதுல "மைனர்களுக்காக தாயாரும் கார்டியனுமான" அப்படின்னு ஒரு பொம்பளை பேரு. மைனர்கள் யாருன்னு பாத்தா எங்க பாட்டனும் அவரு தம்பியும். அப்ப பூட்டன் அதுக்கு முந்தியே போய்ச் சேந்துட்டாரு, ரெண்டு சின்னப் புள்ளைங்களை வச்சுக்கிட்டு அந்தக் காட்டைக் காப்பாத்துனது பூட்டி. பட்டாவுலயும் இல்லாம, வீட்டுலயும் யாரும் சொல்லாம, அவங்க பேரே எங்களுக்குத் தெரியாம இருந்துச்சு. கடைசிப் பக்கத்துல கையெழுத்துப் போடுற இடத்துல கோணலா ஒரு கோடு, பக்கத்துல பத்திரம் எழுதுனவரு "கீறல்"னு குறிச்சிருக்காரு, கையெழுத்துத் தெரியாதவங்க போடுற குறி அது. அவங்க தகப்பனார் பேரும் பொறந்த ஊரும் அதே பத்திரத்துல இருக்கு, அடுத்த வாரம் அந்த ஊரு எஸ்எல்ஆருக்கு மனு போடுறேன்.