கொல்லைப்புறத்துக்குச் சிட்டும் பட்டாம்பூச்சியும் வர...

வீட்டுக்குப் பின்னால் பத்துக்குப் பத்து அடி மண் தரை இருந்தால் போதும். எங்கள் கொல்லையில் செய்து பார்த்ததை அதே வரிசையில் சொல்கிறேன்.

முதல் வாரம் எதையும் நடாதீர்கள்

தினமும் காலையில் பத்து நிமிடம் நின்று, ஏற்கெனவே என்னென்ன இருக்கிறது என்று பாருங்கள். களை என்று நாம் பிடுங்கிப் போடும் தும்பையில்தான் சின்னத் தேனீக்கள் மொய்க்கும். எருக்கிலையில் வெந்தய வரியன் பட்டாம்பூச்சி முட்டையிடும். இரண்டுக்கும் ஒரு மூலையை ஒதுக்கிவிடுங்கள்.

தண்ணீர்

வாய் அகன்ற மண் சட்டி வாங்குங்கள். இரண்டு அங்குலத்துக்கு மேல் தண்ணீர் வேண்டாம். நடுவில் ஒரு கல் வைத்தால் தேனீக்கள் மூழ்காமல் உட்கார்ந்து குடிக்கும். பூனை பதுங்கும் புதருக்குப் பக்கத்தில் சட்டியை வைக்காதீர்கள்.

கொசு வராதா என்று எல்லோரும் கேட்பார்கள். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து பறக்கும் பருவத்துக்கு வர ஏறக்குறைய ஒரு வாரம் ஆகும். தினமும் தண்ணீரை மாற்றினால் அதற்கு வழியில்லை. ஆனால் முட்டைகள் சட்டியின் உள்பக்கத்தில் ஒட்டியிருக்கும். கொட்டிவிட்டு நிரப்பினால் போகாது. தேங்காய் நாரால் நன்றாகத் தேய்த்துக் கழுவுங்கள்.

புழுவுக்கும் செடி வையுங்கள்

பட்டாம்பூச்சி வேண்டும் என்றால் உடனே பூச்செடி வாங்கப் போகிறோம். பூவின் தேன் வளர்ந்த பூச்சிக்கு. அதன் புழுவுக்கு இலை வேண்டும். அதுவும் ஒவ்வொரு வகைக்கும் அதற்கென்று சில செடிகள்தான். எலுமிச்சையும் கறிவேப்பிலையும் வைத்தாலே இரண்டு மூன்று வகைகள் தேடி வரும்.

எங்கள் எலுமிச்சைக் கன்றின் இலையில் ஒருநாள் காக்கை எச்சம் போல ஏதோ இருந்தது. துடைக்கப் போனேன், அது நகர்ந்தது. எதிரியை ஏமாற்ற இளம்புழு போடும் வேடம் அது. சில நாளில் தோலுரித்து, இலை நிறத்துக்கு மாறிவிட்டது. லேசாகத் தொட்டதும் தலைக்குப் பின்னாலிருந்து சிவந்த இரட்டைக் கொம்பு நீண்டது. குப்பென்று ஒரு காரமான வாடை. கன்று பாதி மொட்டையாகிப் போனது உண்மை. ஆனால் அடுத்த மாதமே துளிர்த்துவிட்டது.

இலையில் ஓட்டை விழுந்தால் மருந்து அடிக்காதீர்கள். இதை மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன். சிட்டுக்குருவி தானியம் தின்றாலும் குஞ்சுக்குப் பூச்சியையும் புழுவையும்தான் ஊட்டும். வேப்பெண்ணெய்க் கரைசல் இயற்கையானதுதான், ஆனால் அதுவும் புழுவின் வளர்ச்சியைக் கெடுக்கும்.

அப்புறம் தேனுக்குச் செம்பருத்தியும் இட்லிப்பூவும் வையுங்கள், தேன்சிட்டு வரும். செம்பருத்தியில் அடுக்கு வேண்டாம், ஒற்றைப் பூவே நல்லது. உண்ணிச்செடியில் பட்டாம்பூச்சி மொய்க்கும், உண்மைதான். ஆனால் அது காடுகளை ஆக்கிரமித்து நாசம் செய்யும் அயல் செடி, நட வேண்டாம்.

சருகு

எரிக்காமல் மதில் ஓரமாகக் குவித்து வையுங்கள். மண்புழு, தேரை, அரணை எல்லாம் அதில் குடியேறும். சமையலறைக் கழிவை மட்டும் அதில் போடாதீர்கள். சோற்றுக்கு எலி வரும், எலிக்குப் பாம்பு வரும். குவியல் வாசற்படியை விட்டுத் தள்ளியே இருக்கட்டும்.

கவாத்து

கத்தரிப்பதற்கு முன் இலைகளை ஒருமுறை விலக்கிப் பாருங்கள். தையல்சிட்டு, அகன்ற இலையின் ஓரங்களில் அலகால் துளையிட்டு, பஞ்சையும் சிலந்தி நூலையும் கோத்துத் தைத்து, உள்ளே கூடு கட்டும். வெளியிலிருந்து பார்த்தால் சுருண்ட இலை மாதிரிதான் தெரியும். அப்படி ஒன்று கண்ணில் பட்டால், சரி, கத்தரிக்கோலை ஒரு மாதத்துக்கு உள்ளே வைத்துவிடுங்கள்.