சார்ட்டுக்கு டைனமிக் ரேஞ்ச்: எக்செல் காட்டிக்கொடுக்காத தவறுகள்

தினமும் ஒரு வரி சேரும் விற்பனைக் கணக்கு. ஏ பத்தியில் தேதி, பி பத்தியில் தொகை. வரி சேரச் சேர சார்ட்டும் தானாக நீள வேண்டும் என்றால், அதாவது டைனமிக் ரேஞ்ச் (தானாக நீளும் செல் வரிசை) வேண்டும் என்றால், பலரும் உடனே ஆஃப்செட் ஃபார்முலாவை (ஒரு செல்லில் தொடங்கி இத்தனை வரி என்று ரேஞ்சைத் தருவது) தேடிப் போகிறார்கள். பெரும்பாலும் அது தேவையே இல்லை. டேட்டாவைத் தேர்ந்தெடுத்து கன்ட்ரோல் + டி அழுத்தி டேபிள் ஆக்குங்கள், அதை வைத்து சார்ட் போடுங்கள். கீழே புது வரி சேர்ந்ததும் சார்ட் அதையும் எடுத்துக்கொள்ளும். இதை விட்டுவிட்டு நேராக ஃபார்முலாவுக்குப் போவதைத்தான் முதல் தவறு என்பேன்.

சரி, 'கடைசி 12 மாதம் மட்டும்' மாதிரியான தேவைக்கு டேபிள் மட்டும் பத்தாது. அப்போது நேம் மேனேஜரில் (ரேஞ்சுகளுக்குப் பெயர் வைக்கும் இடம்) ஒரு பெயர் கொடுத்து, அதற்குள் ஃபார்முலாவை எழுத வேண்டும்.

இதில் அதிகம் பேரைக் கவிழ்ப்பது எண்ணிக்கை. ஆஃப்செட்(ஏ2, 0, 0, கவுன்ட்ஏ(ஏ:ஏ)-1) என்று எழுதுவது வழக்கம். கவுன்ட்ஏ என்பது காலியாக இல்லாத செல்களை எண்ணுவது. அந்த -1 தலைப்பு வரிக்காக. அதை மறந்தால் சார்ட்டின் கடைசியில் ஒரு காலி இடம் தொங்கும், கண்ணில் பட்டுவிடும். ஆபத்தானது வேறொன்று. நடுவில் ஒரு தேதி விடுபட்டிருந்தால் எண்ணிக்கை ஒன்று குறையும். ஆனால் சார்ட்டிலிருந்து காணாமல் போவது அந்த வரி அல்ல, கடைசி வரி. அதாவது, இன்று போட்ட விற்பனை. எக்செல் ஒரு எச்சரிக்கையும் தராது. இதற்கு நேர்மாறும் நடக்கும்: விடையாக "" தரும் ஃபார்முலாவைக் கீழே வரை இழுத்து வைத்திருந்தால், பார்க்கக் காலியாக இருக்கும் அந்த செல்களையும் கவுன்ட்ஏ எண்ணிவிடும். தேதி எக்செல்லுக்கு எண்தான் என்பதால், எண்களை மட்டும் எண்ணும் கவுன்ட் இங்கே போதும். தலைப்பை அது எண்ணாது, -1 தேவையில்லை. ஆனால் தேதி டெக்ஸ்டாகப் பதிந்திருந்தாலோ, நடுவில் விடுபட்டிருந்தாலோ இதுவும் ஏமாற்றும்.

தேதிக்கு ஒரு பெயர், தொகைக்கு ஒரு பெயர் என்று வைத்து, இரண்டையும் தனித்தனியாக எண்ணுவதும் வம்பு. விடுமுறை நாளில் தொகை காலியாக இருந்தாலே நீளம் மாறிவிடும். தேதிப் பத்தியை மட்டும் எண்ணி, அதே எண்ணிக்கையைத் தொகைக்கும் கொடுங்கள்.

பெயருக்குள் எழுதும் முகவரிகளில் $ஏ$2 என்பது போல டாலர் குறி கட்டாயம் (இங்கே படிக்க எளிதாக இருக்கட்டும் என்று விட்டிருக்கிறேன்). இல்லாவிட்டால், கர்சர் எந்த செல்லில் நிற்கிறதோ அதைப் பொறுத்து ரேஞ்சும் நகரும். அப்புறம், நேம் மேனேஜரில் ஃபார்முலா இருக்கும் பெட்டியில் திருத்தும்போது அம்புக்குறி விசையை அழுத்தினால் ஃபார்முலாவுக்குள் ஏதோ ஒரு செல் முகவரி வந்து உட்கார்ந்துகொள்ளும். எஃப்2 அழுத்திவிட்டுத் திருத்துங்கள்.

பெயரை எங்கே போடுவது என்பதில்தான் பாதி உழைப்பு வீணாகிறது. 'சார்ட் டேட்டா ரேஞ்ச்' பெட்டியில் போட்டால் எக்செல் ஏற்றுக்கொள்ளும். ஆனால் அந்த நிமிடமே அதைச் சாதாரண முகவரியாக மாற்றிவிடும். நாளைக்குச் சேரும் வரி சார்ட்டுக்கு வராது. ஒவ்வொரு சீரிஸையும் (சார்ட்டில் காட்டும் ஒவ்வொரு எண் வரிசை) எடிட் செய்து, 'சீரிஸ் வேல்யூஸ்' பெட்டியில் ஷீட்டின் பெயர், ஆச்சரியக்குறி, பிறகு நீங்கள் வைத்த பெயர் என்று போட வேண்டும். ஆஃப்செட்டையே நேராக அங்கே எழுதினால் எக்செல் ஏற்காது.

மாதத்துக்கு ஒரு வரி என்று வைத்திருக்கும் 12 மாதக் கணக்கில் ஒரு பொறி உண்டு. புது ஷீட்டில் மூன்று வரிதான் இருக்கிறது என்றால், மேல்நோக்கிப் 12 வரி போகும் ஆஃப்செட் ஷீட்டையே தாண்டிவிடும், சார்ட் உடையும். 12, உண்மையில் இருக்கும் வரிகள் இரண்டில் சிறியதை 'மின்' வைத்து எடுங்கள்.

ஆஃப்செட் இன்னொரு வகையிலும் சுமை: ஷீட்டில் எதை மாற்றினாலும் அது மறுபடி கணக்குப் போடும். சின்ன ஃபைலில் தெரியாது. பெரிய ஃபைலில் ஏ2:இன்டெக்ஸ்(ஏ:ஏ, கவுன்ட்(ஏ:ஏ)+1) என்று எழுதுவது நல்லது.

பெயர் சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்க எஃப்5 அழுத்தி அந்தப் பெயரை டைப் செய்யுங்கள். எந்த செல்கள் தேர்வாகின்றன என்று தெரிந்துவிடும். சார்ட்டைத் தொடும் முன்பே இதைப் பாருங்கள்.