ஊருக்கு றேடியோ கொண்டுபோகிறவர்கள் கவனத்துக்கு

வெளிநாட்டிலிருந்து இலங்கையில் ஊருக்குப் போகிறவர்கள் சூட்கேசில் என்னென்ன வைப்பது என்று இங்கே ஒன்றும் இல்லை. அது எல்லாருக்கும் மனப்பாடம். வீட்டில் இருக்கிற பெரியவர் ஒருவர் போனில், "வரேக்க ஒரு சின்ன றேடியோ கொண்டுவா, எல்லா ஸ்ரேசனும் பிடிக்கிறதாப் பார்" என்று சொல்லியிருந்தால் மட்டும் தொடர்ந்து வாசியுங்கள்.

கடைக்குப் போகமுன் திருப்பிப் போன் எடுத்து ஒரே கேள்வி கேளுங்கள்: எந்த ஸ்ரேசன்? "எல்லாம்" என்ற பதிலை ஏற்கவே கூடாது. உள்ளூர்ப் பண்பலைதான் வேண்டுமென்றால் சிற்றலை (ஷோர்ட் வேவ்) றேடியோவே தேவையில்லை, அங்கேயே ஒன்று வாங்கலாம். "முந்திக் கேட்டது" என்று சொன்னால் அந்த முந்தி எது என்று துருவுங்கள். பத்துக்கு எட்டுப் பேர் சொல்வது லண்டன், அதாவது பிபிசி தமிழோசை. 1941 இல் தொடங்கிய அந்த ஒலிபரப்பு 2017 ஏப்ரல் கடைசியோடு நின்றுவிட்டது. அடுத்ததாக வெரித்தாஸ் வானொலி என்பார்கள். பிலிப்பைன்சிலிருந்து வந்த அதன் சிற்றலையும் 2018 இல் ஓய்ந்தது. இதை வாங்கமுன் போனிலேயே சொல்லிவிடுங்கள். பெட்டியைப் பிரித்துக் கையில் கொடுத்த பிறகு சொன்னால், லண்டனை மூடினது நீங்கள்தான் என்பதுபோல ஒரு பார்வை வரும். அதற்கு விடை கிடையாது.

சிற்றலையில் தமிழ் முற்றாகப் போய்விடவில்லை. சமய ஒலிபரப்புகளும் ஒன்றிரண்டு வெளிநாட்டு நிலையங்களும் நாளுக்கு அரை மணி, ஒரு மணி என்று வருகின்றன. ஆனால் அவற்றின் அலைவரிசைகள் நிலையானவை அல்ல. மார்ச் கடைசி ஞாயிறிலும் ஒக்டோபர் கடைசி ஞாயிறிலும் உலகம் முழுக்க அட்டவணை மாறும். ஓகஸ்ட்டில் நீங்கள் எழுதிக்கொடுத்த எண் நவம்பரில் வெறும் இரைச்சலாக இருக்கலாம். அட்டவணைகள் உலகப் பொது நேரத்தில்தான் இருக்கும், 5 மணி 30 நிமிடம் கூட்டினால் ஊர் நேரம். மத்திய அலையை (மீடியம் வேவ்) மறக்கவேண்டாம். புத்தளத்திலிருந்து 882 கிலோஹேர்ட்ஸில் வரும் 400 கிலோவாட் சமய ஒலிபரப்பு இரவில் மிகத் தெளிவாக விழும். சத்தியமாகப் பல வீடுகளில் கடைசியில் அதிகம் பாவிக்கப்படுவது மத்திய அலைதான்.

இப்போது அந்தப் பெரிய தலைவலி. கேட்கிற ஆள் புது றேடியோ கேட்கமாட்டார், பழையது கேட்பார். "இப்பத்தயச் சாமான் பிளாஸ்டிக், பழைய ஜப்பான் மொடல் ஒண்டு பார்த்து எடு, அங்க வாங்கலாமாம்." யாரோ சொன்ன "வாங்கலாமாம்" அது. அதை நம்பி இரண்டு மாதம் இணையத்தில் தேடி, வந்து சேர்ந்ததைத் துடைத்து, மூன்று கிலோவை ஒதுக்கிக் கொண்டுபோய்க் கொடுத்தால், கொடுத்த பத்தாம் நாள் பேசாது. பேசாததற்குக் காரணங்கள் தெளிவானவை, ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

முதலாவது, மின்தேக்கிகள் (கப்பாசிற்றர்). முப்பது, முப்பத்தைந்து வருடப் பெட்டிக்குள் இருக்கிற மின்பகுபொருள் மின்தேக்கிகள் காய்ந்துபோயிருக்கும். சத்தம் அடைத்தமாதிரி வரும், இல்லாவிட்டால் வாங்கின அன்று நன்றாகப் பாடி, வெக்கையில் நாலு நாள் ஓடினபின் மெல்ல மெல்லக் குறையும். 1980களின் கடைசியிலும் 1990களின் தொடக்கத்திலும் வந்த சிறிய டிஜிட்டல் செட்டுகள் இன்னும் மோசம். அவற்றில் பலகையோடு ஒட்டின குட்டி மின்தேக்கிகள் கசிந்து செப்புக் கோடுகளையே தின்றுவிடும். இரண்டாவது, சிற்றலைக்கான முதல் டிரான்சிஸ்டர். வெளியே கட்டின வயர் வழியாக வந்த நிலைமின்னால் அது எப்போதோ செத்திருக்கும். விற்கிறவர் பண்பலையைப் போட்டுக் காட்டுவார், அது அருமையாகப் பாடும். பண்பலைக்கு வேறு பாதை, சிற்றலைக்கு வேறு பாதை, ஆகவே அந்தச் சோதனை ஒன்றையும் நிரூபிக்காது. மூன்றாவது, பட்டை (பாண்ட்) மாற்றும் சுவிச். கறுத்துப்போன வெள்ளித் தொடுகைகள், தட்டினால் பேசும், விட்டால் நிற்கும். நாலாவது, உடன் வந்த அடாப்டர். வட அமெரிக்காவில் விற்கப்பட்டது 120 வோல்ட் மட்டுமே தாங்கும், ஊரில் 230. செருகின கணத்தில் புகை வரும். அடாப்டரோடு மட்டும் போனால் அதிர்ஷ்டம்.

இதையெல்லாம் திருத்தலாம், ஆனால் யார் திருத்துவது? சந்தியில் இருந்த றேடியோ திருத்துகிற கடை இப்போது போன் திரை மாற்றுகிற கடை. அப்படியிருந்தும் கேட்பவர் விடமாட்டார். "அந்தக் காலத்தில் சைக்கிள் டைனமோவில கேட்டனாங்கள்" என்பார். உண்மைதான். 1990களில் யாழ்ப்பாணத்துக்குப் பற்றரி வரத் தடை இருந்தபோது, சைக்கிளை ஸ்டாண்டில் நிறுத்தி, ஒருவர் பெடலைக் கையால் சுற்ற, அந்த ஆறு வோல்ட் டைனமோ மின்சாரத்தில் செய்தி கேட்ட சனம் அது. அந்தப் பெட்டிகள் வேலை செய்ததற்குக் காரணம் அவை அப்போது பத்து வருடத்துக்கு உட்பட்டவை என்பதுதான். இதை அவருக்கு விளங்கப்படுத்தப் போகாதீர்கள். அந்த இரவுகளில் பெடல் சுற்றினவர்களுக்கும், அதற்கு முன்பே விமானம் ஏறினவர்களுக்கும் இடையில் இந்தப் பேச்சில் சமத்துவம் இல்லை. "கிடைக்கவில்லை" என்று மட்டும் சொல்லிப் புதியதை வாங்குங்கள்.

புதியதில் இரண்டு வழி. எண்கள் தெரியாத, தெரியவும் விரும்பாத கைக்கு ஊசி ஓடுகிற முகப்புள்ள சின்னப் பெட்டி: டெக்சன் ஆர்-9012 போன்றது. இரண்டு பென்ரோச் (ஏஏ) பற்றரி, பண்பலை, மத்திய அலை, பத்துச் சிற்றலைப் பட்டைகள். இதன் குறை, ஒரே நிலையம் இரண்டு இடத்தில் விழும். இடைநிலை அலைவெண், அதாவது எந்த நிலையத்தையும் பெட்டி உள்ளே மாற்றிக்கொள்கிற எண், 455 கிலோஹேர்ட்ஸ் என்பதால், பலமாக வருகிற நிலையம் அதன் இரண்டு மடங்கான 910 குறைந்த இடத்திலும் பேய்போலக் கேட்கும். பழுதல்ல, கட்டமைப்பே அப்படி. சத்தம் கூடின இடம்தான் உண்மையான இடம் என்று சொல்லிக்கொடுத்தால் போதும். மற்ற வழி, எண்ணைத் தட்டிப் பிடிக்கிற டிஜிட்டல்: டெக்சன் பிஎல்-330 போன்றவை. நினைவில் வைக்கலாம், ஊசி நழுவாது. கண் மங்கினவர்களுக்குச் சின்ன எழுத்துத் திரை தொல்லை.

மூன்றாவது வகையைத் தொடவேண்டாம்: சூரியத் தகடு, ரோச் லைட், பாட்டுக் குச்சி (யூஎஸ்பி), கைப்பிடி எல்லாம் சேர்ந்த "12 பாண்ட்" பெட்டி. 12 என்று அச்சடித்திருக்கும், உள்ளே சிற்றலைக்குச் செலவழித்தது கிட்டத்தட்ட ஒன்றுமில்லை. வாங்கமுன் எந்தப் பெட்டியிலும் பார்க்கவேண்டியது பட்டைகளின் எண்ணிக்கையை அல்ல, இடைவெளியை. 5900 முதல் 6200, 7200 முதல் 7450, 9400 முதல் 9900, 11600 முதல் 12100, 15100 முதல் 15800 கிலோஹேர்ட்ஸ் ஆகிய ஐந்தும் முழுமையாக உண்டா என்று பாருங்கள். இரவுக்கு முதல் மூன்று, பகலுக்குக் கடைசி இரண்டு.

பற்றரி விஷயத்தில் சோம்பல் வேண்டாம். பென்ரோச் பற்றரி எந்தக் கடையிலும் கிடைக்கும். பிஎல்-330 இல் இருக்கிற பிஎல்-5சி (BL-5C) பழைய நோக்கியா போன்களின் தட்டைப் பற்றரிதான், அதுவும் தேடினால் கிடைக்கும். 18650 என்ற உருளை லித்தியம் பற்றரி கேட்கிற செட்டைத் தவிர்க்கலாம், கொள்ளளவு பொய்யாக அச்சடித்தவை சந்தையில் தாராளம். யூஎஸ்பியால் உள்ளேயே சார்ஜ் செய்கிற பென்ரோச் செட் வாங்கினால் ஒரு ஆபத்து: சாதாரணப் பற்றரி கிடக்கும்போது யாராவது போன் சார்ஜரைச் செருகிச் சார்ஜைத் தொடங்கினால் பற்றரி கசியும், வெடிக்கவும் கூடும். அந்தத் துளைக்கு மேலே டேப் ஒட்டிக் கொடுங்கள். உதிரி லித்தியம் பற்றரிகள் கைப்பையில் மட்டும்தான் போகவேண்டும், முனைகளில் டேப் ஒட்டி. பிஎல்-5சி நாலு வாட்-மணிகூட இல்லை, அனுமதி 100 வரை, ஆகவே அளவில் பிரச்சினை வராது.

விமான நிலையத்தில், கேட்டால் "ரிசீவர், கேட்க மட்டும்" என்று சொல்லுங்கள், பெட்டியும் கையேடும் கூடவே இருக்கட்டும். எண் பொத்தானும் நீட்டு ஏரியலும் உள்ள எதுவும் வோக்கி-டோக்கி மாதிரித்தான் கண்ணுக்குத் தெரியும். அனுப்புகிற கருவிக்கு இலங்கையில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணைக்குழுவின் அனுமதி வேண்டும், 1991 ஆம் ஆண்டின் 25 ஆம் இலக்கச் சட்டம் அது. எக்ஸ்எச்டேட்டா டி-808 நல்ல செட், ஆனால் அதில் விமானிகள் பேசுகிற பட்டையும் உண்டு. மேசைக்கு அந்தப்பக்கம் நிற்பவருக்கு அதை விளக்குகிற நிலைமையை ஏன் தேடிப்போகவேண்டும்?

புறப்படமுன் ஒரு இரவு செலவழியுங்கள், இதுதான் எல்லாரும் விடுகிற வேலை. முதலில் மத்திய அலைப் படி. கனடாவிலும் அமெரிக்காவிலும் நிலையங்கள் 10 கிலோஹேர்ட்ஸ் இடைவெளி, ஊரில் 9. அங்கே வாங்கின டிஜிட்டல் செட் 10 இல் இருக்கும். தானாகத் தேடவிட்டால் 870, 880, 890 என்று தாவும், புத்தளத்தின் 882 க்குச் சரியாக நிற்காது, அரைகுறையாகக் கரகரக்கும். தமிழ்நாட்டுத் திருநெல்வேலி வானொலியின் 1197 ஐயும் தாண்டிவிடும். சென்னையின் 720 மட்டும் இரண்டாலும் வகுபடுவதால் தற்செயலாகப் பிடிபடும், அதனால் "செட் நல்லது, மற்ற ஸ்ரேசன்தான் இல்லை" என்ற முடிவுக்கு வருவார்கள். செட்டை நிறுத்திவைத்து, கையேடு சொல்கிற எண் பொத்தானைச் சில விநாடி அழுத்தினால் 9 க்கு மாறும். பண்பலை எல்லையும் 108 வரை இருக்கிறதா பாருங்கள், ஜப்பான் சந்தைக்கென்று செய்த சில செட்டுகள் அதற்கு முன்பே நின்றுவிடும். பிறகு பற்றரியைக் கழற்றிப் பத்து நிமிடம் விட்டுப் போடுங்கள், நினைவில் வைத்தது இருக்கிறதா? மணிக்கூடு மட்டும் போனால் பரவாயில்லை.

ஊருக்குப் போனதும் வீட்டில் இரைச்சல் குறைந்த மூலையைத் தேடுங்கள். எல்ஈடி பல்பு, போன் சார்ஜர், டீவிப் பெட்டி மூன்றும் சிற்றலையின் எதிரிகள். அநேகமாக விறாந்தையின் ஒரு முனைதான் கிடைக்கும். உறை போட்ட மெல்லிய வயர் ஐந்து முதல் ஏழு மீற்றர், ஒரு முனையில் முதலைக் கிளிப், அதை ஏரியலின் நுனியில் கவ்வவிட்டு மற்ற முனையை நைலோன் கயிற்றால் மாமரத்தில் கட்டுங்கள். அதைவிட நீளம் மலிவுச் செட்டைத் திணறவைக்கும். மின்கம்பிக்குக் கீழும் மேலும் கூடாது. இடி முழங்கினால் கிளிப்பைக் கழற்றவேண்டும், ஒக்டோபர், நவம்பர் மாலைகளில் முதலே கழற்றிவிடுவது நல்லது. மத்திய அலைக்கு இந்த வயரும் ஏரியலும் உதவாது. அதன் ஏரியல் உள்ளே கிடக்கிற ஃபெரைட் கம்பி, ஆகவே பெட்டியையே மெல்லத் திருப்பவேண்டும். இதை ஒருதரம் சொன்னால் போதாது. கையைப் பிடித்துத் திருப்பிக் காட்டுங்கள். இல்லாவிட்டால் ஏரியலை முறுக்கி அடிமூட்டோடு உடைப்பார்கள்.

போனில் வருகிற "பழுது" முறைப்பாடுகளில் பாதி, பூட்டுப் பொத்தான் அமத்துப்பட்டதுதான். மீதியில் பாதி, தூரம்-கிட்ட என்ற சுவிச் கிட்டத்தில் நிற்பது. இரண்டுக்கும் மேலே நகப்பூச்சால் ஒரு சிவப்புப் புள்ளி வையுங்கள், "புள்ளியைப் பாருங்கோ" என்று போனில் சொல்ல இலகு. உறங்கும் நேரக் கணிப்பையும் நிறுத்திவிடுங்கள், அரை மணியில் தானாக அணைந்தால் செட் செத்துவிட்டது என்றுதான் செய்தி வரும். கடலோர வீடென்றால் பற்றரி வில்லில் பச்சை படியும், மாதம் ஒருதரம் அழிறப்பரால் தேய்க்கச் சொல்லுங்கள். சிற்றெறும்பு உள்ளே கூடு கட்டும், பாவிக்காத நாட்களில் மூடிபோட்ட டப்பாவில் இருக்கட்டும்.

கடைசியாக, முதல் நினைவு எண்ணில் என்ன வைப்பது. தமிழோசை ஊர் நேரம் இரவு 9.15 க்கு வந்தது. நின்று எத்தனை வருடமானாலும், செட் கைக்கு வந்ததும் அந்த நேரத்துக்குத்தான் போடுவார்கள். ஆகவே நீங்கள் அங்கே நிற்கிற நாட்களில் இரவு 9.15 க்கு எது பலமாக விழுகிறதோ, தமிழோ இல்லையோ, அதை ஒன்றாம் எண்ணில் வையுங்கள். வெறும் இரைச்சலைவிட ஒரு குரல் நல்லது. அப்போது ரொறன்ரோவில் காலை 10.45, கோடையில் 11.45. வேலை நேரம், போன் எடுக்கமுடியாது.