மீன் தொட்டியில் ஒரு கான்கார்டு: டெல்டா இறக்கைச் சுழியைக் கண்ணால் பார்ப்போம்

ஒலியைவிட வேகமாகப் பறந்த பயணிகள் விமானமான கான்கார்டு தரையிறங்கும் வீடியோ பார்த்திருப்பீர்கள். மூக்கை உயர்த்திக்கொண்டு, வயலில் கொக்கு இறங்குவதுபோல வரும். டெல்டா எனப்படும் அதன் முக்கோண இறக்கையில், மெதுவாகப் பறக்கும்போது தூக்குவிசையைக் கூட்ட இறக்கும் ஃபிளாப் மடல் கிடையாது. அந்த மெதுவான வேகத்தில் அதற்குப் பெரிதும் கைகொடுத்தவை, பின்சாய்ந்த முன்விளிம்புகளில் காற்று பிய்ந்து இறக்கையின் மேலே சுருண்டு உருவான இரண்டு சுழிகள். சுழியின் நடுவில் அழுத்தம் குறைவு. அது இறக்கையை மேல்நோக்கி உறிஞ்சும். 1969 மார்ச் 2-இல் கான்கார்டு பறப்பதற்கு முன்பே, இப்படிப்பட்ட ஒடுங்கிய இறக்கை குறைந்த வேகத்தில் எப்படி நடந்துகொள்கிறது என்று பார்ப்பதற்காகவே பிரிட்டனில் எச்.பி.115 என்ற சின்ன விமானத்தை 1961-இல் பறக்கவிட்டார்கள்.

நமக்கு 60 செ.மீ. மீன் தொட்டி போதும். இந்த வேகங்களில் தண்ணீரும் காற்றும் ஒரே மாதிரிதான் சுருளும்.

முதலில் இறக்கை. ஐஸ்கிரீம் டப்பா மூடியில் 6 செ.மீ. அடியும் 8 செ.மீ. உயரமும் உள்ள முக்கோணம் வெட்டுங்கள். பின்சாய்வு, அதாவது முன்விளிம்பு பின்னோக்கிச் சாய்ந்திருக்கும் கோணம், கிட்டத்தட்ட 70 பாகை வரும். விளிம்பைக் கூராக விடுங்கள், உப்புத்தாள் போட்டு மழுக்க வேண்டாம். கூர் விளிம்பில்தான் ஓட்டம் தவறாமல் பிய்யும்.

பின்விளிம்பின் நடுவில் சைக்கிள் ஸ்போக்ஸ் கம்பியை ஒட்டி, மேல்நோக்கி வளைத்தால் கைப்பிடி தயார். 5 மி.லி. சிரிஞ்சில் மெல்லிய பிளாஸ்டிக் குழாயைச் செருகி, இறக்கையின் அடிப்பக்கமாகவே கொண்டுபோய் மூக்கு முனையில் வாய் திறக்கும்படி டேப் ஒட்டுங்கள். நான் முதல் தடவை மேல்பக்கம் ஒட்டிவிட்டு, சுழியே வரவில்லை என்று அரை நாள் மண்டையை உடைத்துக்கொண்டேன்.

சாயத்துக்குப் பேனா மை வேண்டாம், உடனே கரைந்து பரவிவிடும். பாலில் கேசரிப் பவுடர் கலந்தால் கோடு கலையாமல் நிற்கும்.

தண்ணீர் அசையாமல் நிற்கப் பத்து நிமிடம் விடுங்கள். பின்விளிம்பைவிட மூக்கு 2.7 செ.மீ. உயரத்தில் இருந்தால் தாக்கு கோணம், அதாவது எதிர்வரும் ஓட்டத்துக்கு இறக்கை சாய்ந்திருக்கும் கோணம், 20 பாகை. தொட்டியின் முழு நீளத்தையும் 12 விநாடியில் கடக்கும்படி, மூக்கு முன்னால் போக நகர்த்துங்கள். சாயத்தைச் சொட்டுச் சொட்டாக அல்ல, ஒரே சீராக அழுத்துங்கள். முனையிலிருந்து இரண்டு மஞ்சள் இழைகள் கிளம்பி, இறக்கைக்குச் சற்று மேலே விரிந்தபடி பின்னால் ஓடும். பக்கவாட்டிலிருந்து உற்றுப் பாருங்கள்: ஒவ்வொரு இழையையும் சுற்றி மெல்லிய சாயத்திரை ஜிலேபிபோலச் சுருண்டிருக்கும்.

இனி மூக்கைப் பின்விளிம்பைவிட 5 செ.மீ. உயரத்தில் வையுங்கள், கோணம் 40 பாகையை ஒட்டும். நூல்போல வந்த இழை இறக்கையின் மேலேயே திடீரெனத் தடுமாறி, பருத்து, புகைமூட்டமாகச் சிதறும். இதுதான் சுழி உடைதல். உடைந்த இடத்துக்குப் பின்னால் உறிஞ்சல் பலவீனமாகிவிடும்.

தண்ணீரை மாற்றிவிட்டு இன்னொன்றும் செய்து பாருங்கள். அதே கோணத்தில் மூக்கை மட்டும் லேசாக வலப்பக்கம் திருப்பி, தொட்டியில் நேராகவே நகர்த்துங்கள். ஓட்டத்தை முதலில் வாங்கும் இடப்பக்கத்தில் பின்சாய்வு குறைந்ததுபோல ஆகிவிடும். அந்தப் பக்கச் சுழி முனைக்கு இன்னும் நெருக்கமாக உடையும். வலப்பக்க இழை அதைவிட நீளமாக ஓடும். விமானமாக இருந்தால் இந்நேரம் இட இறக்கை தாழ்ந்திருக்கும்.