பிடித்த நாவலைப் பற்றிச் சொல்லும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒரு நாவல் ஏன் பிடித்தது என்று கேட்டால், நம்மில் பெரும்பாலோர் உடனே அதன் கதையைச் சொல்லத் தொடங்கிவிடுகிறோம். முதலில் தவிர்க்க வேண்டியது இதைத்தான். கதைச்சுருக்கம் எவ்வளவு திருத்தமாக இருந்தாலும், புத்தகத்தைக் கீழே வைக்க மனமின்றி விடியும்வரை விழித்திருந்ததற்கான காரணம் அதில் அகப்படுவதில்லை. நண்பர் ஒருவரிடம் நான் அப்படி ஒரு நாவலைப் பத்தே நிமிடங்களில் ஒப்பித்தேன்; "இவ்வளவுதானா?" என்றவர் இன்றுவரை அதைத் தொடவில்லை.

முடிவு தெரியாதவரைதான் நாவல் நம்மைக் கட்டிப்போடும் என்ற எண்ணமே இதற்கு அடிப்படை. ஆனால் 1866இல் வெளிவந்த ரஷ்ய எழுத்தாளர் தஸ்தயெவ்ஸ்கியின் 'குற்றமும் தண்டனையும்' நாவலின் ஆறு பாகங்களில், கொலை முதல் பாகத்திலேயே நடந்துவிடுகிறது. கொலையாளி யார் என்பதிலும் மர்மமில்லை. தன் வாசலிலிருந்து அடகு பிடிக்கும் கிழவியின் வீடு சரியாக 730 காலடித் தூரம் என்று நாயகன் ரஸ்கோல்னிகோவ் முன்பே எண்ணி வைத்திருக்கிறான். கோடரியை மறைத்துத் தொங்கவிட மேலங்கியின் உட்புறம் துணி வளையம் ஒன்றைத் தைக்கிறான். இவ்வளவு திட்டமிட்டவன், கோடரியை எடுக்கப் போகும் சமையலறையில் வேலைக்காரப் பெண் இருப்பதைக் கண்டு திகைத்து நிற்கும்போது, எங்கிருந்தாவது ஒரு கோடரி அவனுக்குக் கிடைத்துவிடாதா என்று நம் மனமும் தவிக்கிறது. நாமும் உடந்தையாகிவிட்டோம் என்பது சற்றுப் பிந்தித்தான் உறைக்கிறது.

நாயகன் நல்லவனாக இருந்தால்தான் மனம் ஒட்டும் என்பதும் சரியல்ல. 1886இல் வெளிவந்த டால்ஸ்டாயின் 'இவான் இலியிச்சின் மரணம்' என்னும் குறுநாவலில், நீதித்துறையில் பதவி உயர்வையே குறியாகக் கொண்டிருந்த சாதாரண மனிதர்தான் மையம். அவருடைய சாவு தலைப்பிலேயே இருக்கிறது. செய்தித்தாளில் அதைப் படிக்கும் சக அதிகாரிகளுக்கோ, காலியான பதவி யாருக்குப் போகும் என்பதே முதல் எண்ணம்.

"நடை அருமை" என்று முடித்துக்கொள்வதும் வீண். எந்த நூலுக்கும் பொருந்தும் பாராட்டு, எந்த நூலையும் காட்டுவதில்லை. அதற்குப் பதில் ஒரே ஓர் இடத்தைக் காட்டலாம்.

மறுவாசிப்பில் பழைய கிறக்கம் வரவில்லையென்று நாவலைக் குறை சொல்வதும் அவசரம்தான். முதல் முறை நாம் கோடரியை மட்டுமே தேடியிருப்போம். காவலாளியின் அறையில், பெஞ்சுக்கடியில் அது தட்டுப்பட்டதும் ரஸ்கோல்னிகோவின் முகத்தில் தோன்றும் அந்த விநோதமான சிரிப்பு இரண்டாம் முறைதான் கண்ணில் படும்.