புள்ளி எழுத்தில் தொடங்கும் இங்கிலீஷ்: மும்பைத் தமிழ்ப் பிள்ளைகளுக்கு வாசிக்கவும் எழுதவும் பேசவும் சொல்லிக்கொடுப்பது எப்படி?

தாராவியிலும் சயான் கோலிவாடாவிலும் வீட்டிலேயே நாலைந்து பிள்ளைகளை உட்காரவைத்து டியூஷன் தொடங்கும் அக்காக்களுக்காக இதை எழுதுகிறேன். அம்மாக்களும் தாராளமாகச் செய்யலாம். நீங்கள் சரளமாக இங்கிலீஷ் பேச வேண்டும் என்பதில்லை. எளிய வாக்கியங்களைத் தப்பில்லாமல் வாசிக்கத் தெரிந்தால் போதும்.

மகாராஷ்டிரத்தில் 2000-லிருந்தே எந்த மீடியமானாலும் ஒன்றாம் வகுப்பில் இங்கிலீஷ் பாடம் உண்டு. மும்பை மாநகராட்சியின் தமிழ் மீடியம் பள்ளிகளிலும் அப்படித்தான். ஆனாலும் நாலாம் வகுப்புப் பிள்ளை ஒரு பத்தியைக் கடகடவென்று ஒப்பிக்கும்; அதே பத்தியின் நடுவிலிருந்து ஒரு சொல்லைத் தொட்டுக் காட்டினால் விழிக்கும். பக்கம் மனப்பாடம் ஆகியிருக்கிறது, வாசிப்பு வரவில்லை.

இதில் நான் உறுதியாக நம்புவது ஒன்று உண்டு. தமிழ் எழுத்து கற்ற பிள்ளைக்கு இங்கிலீஷ் வாசிக்கத் தேவையான முக்கியமான வித்தை ஏற்கெனவே கைவசம் இருக்கிறது. ‘க்’கும் ‘ஆ’வும் சேர்ந்தால் ‘கா’ என்று அது ஒன்றாம் வகுப்பிலேயே படித்துவிட்டது. ஒலிகளைச் சேர்த்து வாசிப்பது என்பது இதுதான். இங்கிலீஷ் புத்தகத்தைத் திறந்ததும் தமிழை மூடிவைத்துவிடுகிறோம். மூடாதீர்கள்.

படி 1: பிள்ளை எங்கே நிற்கிறது?

வகுப்பைப் பார்த்துக் குழு பிரிக்காதீர்கள். ஒரு தாளில் நாலு பகுதி எழுதுங்கள்: சில பெரிய எழுத்துகள் (கேபிடல்), சில சின்ன எழுத்துகள் (ஸ்மால்), ஐந்து எளிய சொற்கள், நாலு குட்டி வாக்கியங்கள். ஒவ்வொரு பிள்ளையையும் தனியாகக் கூப்பிட்டு வாசிக்கச் சொல்லுங்கள். எந்தப் பகுதியில் தடுமாறுகிறதோ அதுதான் அதன் இடம். 1995-ல் மும்பையின் குடிசைப் பகுதிகளில் வேலையைத் தொடங்கிய பிரதம் அமைப்பு, நாடு முழுக்கக் கிராமப்புறங்களில் பிள்ளைகளின் படிப்பைச் சோதிக்க நடத்தும் ‘அசர்’ கணக்கெடுப்பில் இங்கிலீஷுக்கு இந்த வரிசையைத்தான் வைத்திருக்கிறது. ஐந்தாம் வகுப்புப் பிள்ளையும் இரண்டாம் வகுப்புப் பிள்ளையும் ஒரே இடத்தில் நின்றால் ஒரே பாயில் உட்காரட்டும். பெரிய பிள்ளைக்கு வெட்கமாக இருக்கும்; அதன் கையில் சாக்பீஸைக் கொடுத்து எழுத்துகளை எழுதிப்போடும் பொறுப்பை ஒப்படையுங்கள்.

படி 2: எழுத்துக்கு முன்னால் காது

இங்கிலீஷில் எழுத்து 26, ஒலிகள் சுமார் 44. நம் பிள்ளைகளுக்கு முதல் சிக்கல் ‘ப’, ‘க’, ‘ட’ மூன்றிலும் வருகிறது. தமிழில் ஒரே எழுத்து இரண்டு ஒலிக்கும் வேலை செய்கிறது. ‘பல்’லில் ஒரு ஒலி, ‘தம்பி’யில் வேறு ஒலி, ‘கல்’லில் ஒன்று, ‘தங்க’த்தில் வேறொன்று. வாய்க்கு இந்த வித்தியாசம் நன்றாகவே தெரியும். காது அதைக் கவனித்ததில்லை, அவ்வளவுதான்.

மும்பைப் பிள்ளைக்கு இதில் ஒரு சௌகரியம் இருக்கிறது. ‘பாவ்’, ‘பஸ்’ இரண்டையும் அது தினமும் சொல்கிறது. தமிழில் இரண்டும் ‘ப’வில்தான் தொடங்கும், ஆனால் ஒலி வேறு. இதை வைத்து ஒரு விளையாட்டு நடத்துங்கள். அறையின் ஒரு சுவர் பாவ், எதிர்ச்சுவர் பஸ். நீங்கள் ‘பாட்டி’ என்றால் பாவ் பக்கம் ஓட வேண்டும். ‘பிஸ்கட்’ என்றால் பஸ் பக்கம். ‘பைசா’? பாவ். ‘படாட்டா’? பஸ். அடுத்த நாள் ‘காந்தா’வும் ‘காடி’யும் இரண்டு சுவர்கள். அதற்கும் அடுத்த நாள் ‘டமாட்டர்’, ‘டாக்டர்’. இந்தியும் மராத்தியும் எழுதப் பழகிய பிள்ளையிடம், “தேவநாகரியில் இதற்கு ஒரே எழுத்தா, ரெண்டு எழுத்தா?” என்று கேளுங்கள். அதுவே கண்டுபிடித்துச் சொல்லும்போது முகத்தில் வரும் வெளிச்சத்தைப் பாருங்கள்.

ஒரு வாரம் இது மட்டும் போதும். நோட்டே தொட வேண்டாம்.

படி 3: ஆறு எழுத்து, ஆறு மூடி

ஏ முதல் இசட் வரை வரிசையாகப் போகாதீர்கள். எஸ், ஏ, டீ, ஐ, என், ‘பாவ்’ சொல்லின் தொடக்கத்தில் ஒலிக்கும் பி ஆகிய ஆறும் முதலில். இந்த ஆறை வைத்தே நிறைய குட்டிச் சொற்கள் அமையும் என்பதால்தான் ஒலிவழிப் பாடங்களில் இவற்றை முன்னால் வைக்கிறார்கள். தண்ணீர் பாட்டில் மூடிகளில் மார்க்கரால் ஒவ்வொன்றையும் சின்ன எழுத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.

மூடியைக் காட்டும்போது எழுத்தின் பெயரைச் சொல்லக் கூடாது, ஒலியை மட்டும் சொல்லுங்கள். ‘எஸ்’ அல்ல, ‘ஸ்’. ‘டீ’ அல்ல, ‘ட்’. ‘ஸு’, ‘டு’ என்று வால் வைத்துவிடவும் கூடாது. உலகெங்கும் இங்கிலீஷ் டீச்சர்கள் இந்த வாலோடு மல்லுக்கட்டுகிறார்கள். நமக்குப் புள்ளி இருக்கிறது. “இது புள்ளி வெச்ச எழுத்து கண்ணு” என்றால் பிள்ளை டக்கென்று வாலை வெட்டிவிடும். தமிழ் வாசிக்கத் தெரியாத, இந்தி மீடியம் பிள்ளையாக இருந்தால், தேவநாகரி எழுத்தின் அடியில் போடும் சாய்கோடான ஹலந்தைச் சொல்லுங்கள். அதுவும் இதே வேலையைச் செய்யும்.

இப்போது சேர்க்கலாம். எஸ் மூடி, ஐ மூடி, டீ மூடி மூன்றையும் இடைவெளிவிட்டுத் தரையில் வையுங்கள். முதல் மூடியை நகர்த்தி இரண்டாவதோடு முட்டவையுங்கள்: ஸ், இ, ஸி. சேர்ந்த இரண்டையும் மூன்றாவதோடு முட்டவையுங்கள்: ஸி, ட், ஸிட். பிள்ளை ‘சிட்’ என்று சொன்னதும் எழுந்து உட்காரச் சொல்லுங்கள். வாசித்ததற்கு அர்த்தம் உண்டு என்பது முதல் நாளே தெரிய வேண்டும்.

சில புத்தகங்கள் முதலெழுத்தைத் தனியாக நிறுத்தி, பின்னால் வரும் இரண்டை ஒரே துண்டாகச் சொல்லித்தரும். நம் பிள்ளைகளுக்கு முன்னாலிருந்து சேர்ப்பதுதான் எளிது; உயிர்மெய் வாசித்த பழக்கம் அப்படி. ‘சிட்’, ‘பின்’, ‘டின்’, ‘டிப்’ எல்லாம் வந்தபிறகு ‘சிட் இன் இட்’ என்று முழு வாக்கியமே வாசித்துவிடலாம்.

உயிர் ஒலிகளில் ‘இ’யும் ‘எ’யும் தமிழோடு பொருந்தும். ‘கப்’, ‘பஸ்’ஸில் நடுவில் வரும் யூ எழுத்தின் ஒலி கிட்டத்தட்ட நம் ‘அ’தான் என்று சொல்லிக்கொடுங்கள். ஏ எழுத்தின் ஒலிதான் புதிது. கிரிக்கெட் பேட்டைச் சொல்லவைத்து, தாடையை இன்னும் ஒரு விரற்கடை இறக்கச் சொல்லுங்கள். படுக்கும் பெட், அடிக்கும் பேட் இரண்டையும் மாறி மாறிக் கேட்டால் காது பழகும்.

படி 4: எழுதுவது

நாலு கோட்டு நோட்டு, சின்ன எழுத்து முதலில். புத்தகத்தில் கண்ணில் படுவது பெரும்பாலும் சின்ன எழுத்துதான். பெயரின் முதல் எழுத்துக்கு மட்டும் இப்போதைக்குப் பெரிய எழுத்து.

கை போகும் வழியை வைத்து எழுத்துகளைச் சேர்த்துக்கொள்ளுங்கள். சி, ஓ, ஏ, டி, ஜி, க்யூ எல்லாம் சி போலவே வளைந்து தொடங்கும். பஸ்ஸின் பி-யும் டாக்டரின் டி-யும் குழம்பாத பிள்ளை அபூர்வம். இரண்டையும் ஒரே வாரத்தில் சொல்லித்தராமல் இருந்தாலே பாதிக் குழப்பம் தீரும். டி-க்கு “முதல்ல சி, அப்புறம் கோடு.” பி-க்கு “முதல்ல கோடு, அப்புறம் வயிறு.” எழுதும்போது பிள்ளை இதை வாய்விட்டுச் சொல்லட்டும்.

ஒரே சொல்லை ஒரு பக்கம் முழுக்க எழுதவைப்பதை விட்டுவிடுங்கள். நீங்கள் ‘பின்’ என்று சொல்லுங்கள். பிள்ளை ஒலிகளைப் பிரித்து, மூடிகளைப் பொறுக்கி அடுக்கி, பிறகு எழுதட்டும். தினமும் ஐந்து சொல் போதும். பூனையை எழுதச் சொல்லும்போது சி-க்குப் பதில் கே போட்டால் அந்தப் பிள்ளை சரியாகக் கேட்டிருக்கிறது என்று அர்த்தம். அதை முதலில் சொல்லிவிட்டு, “இந்த வார்த்தைக்கு மட்டும் சி வரும்” என்று திருத்துங்கள். சிவப்புப் பேனா வேண்டாம்.

படி 5: ஒலிக்கு அடங்காத சொற்கள்

‘தி’, ‘வாஸ்’, ‘சொன்னார்’ என்று பொருள்படும் ‘ஸெட்’, ‘யூ’, ‘ஆர்’ போன்றவை ஒலி சேர்த்தால் வராது. வாரத்துக்கு மூன்று மட்டும் அட்டையில் எழுதிக் கதவில் ஒட்டுங்கள். ‘ஸெட்’டில்கூட முதலும் கடைசியும் ஒழுங்காகத்தான் இருக்கின்றன, நடுப்பகுதிதான் குறும்பு செய்கிறது. அந்த இடத்தை மட்டும் வட்டமிடச் சொல்லுங்கள்.

பேச்சு: இது முதல் நாளிலிருந்தே

இதற்குப் படி எண் போடவில்லை, ஏனென்றால் மற்ற எல்லாவற்றோடும் கூடவே ஓட வேண்டியது இது. “வாட் இஸ் யுவர் நேம்?” என்று, பெயர் தெரிந்தவரே கேட்பதில் பேச்சு எதுவும் இல்லை. கேட்பவருக்குப் பதில் தெரியாமல் இருக்க வேண்டும். ஒரு பிள்ளை படம் வரைந்து நோட்டுக்குப் பின்னால் மறைத்துக்கொள்ளட்டும். மற்றவர்கள், “இஸ் இட் பிக்? இஸ் இட் ரெட்? கேன் ஐ ஈட் இட்?” என்று கேட்டுக் கண்டுபிடிக்கட்டும். வடாபாவ் கடை விளையாட்டும் நன்றாக ஓடும்: “டூ வடாபாவ், ப்ளீஸ்.” “ஹவ் மச் இஸ் இட்?”

சில பிள்ளைகள் வாரக்கணக்கில் வாயே திறக்காது. நீங்கள் சொல்வதைக் கேட்டு எழுந்து, உட்கார்ந்து, கதவைச் சாத்துகிறதா? அப்படியானால் புரிந்துகொண்டிருக்கிறது. பேசச் சொல்லி நெருக்காதீர்கள். தமிழில் பதில் சொன்னால் ஏற்றுக்கொண்டு, அதையே இங்கிலீஷில் நீங்கள் சொல்லுங்கள்.

தப்பை நடுவில் நிறுத்தித் திருத்த வேண்டாம்.

“அம்மா கோ மார்க்கெட், அக்கா.”

“ஓ, அம்மா வென்ட் டு தி மார்க்கெட்? வாட் டிட் ஷி பை?”

இதில் சரியான வடிவம் பிள்ளையின் காதில் விழுந்துவிட்டது, பேச்சும் அறுபடவில்லை. ‘பென்னு’, ‘பஸ்ஸு’ என்று வால் நீண்டால் விரலால் காற்றில் ஒரு புள்ளி வையுங்கள், போதும். ‘எக்’ ‘யெக்’ ஆவதையும் ‘ஃபோன்’ ‘போன்’ ஆவதையும் மெல்ல மெல்லச் சரிசெய்யலாம், அவசரமே இல்லை.

படி 6: கதை

சொற்கள் ஓரளவு ஓடத் தொடங்கியதும் கதைக்குப் போய்விடுங்கள். பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் தளத்தில் கதைகள் இலவசம், மொபைலிலேயே திறக்கலாம். முதல் நிலையில் ஒரு பக்கத்துக்குச் சில வரிகள்தான் இருக்கும். பல கதைகள் தமிழிலும் இங்கிலீஷிலும் இருக்கின்றன. முதல் நாள் தமிழில் வாசித்துச் சிரித்துப் பேசுங்கள். இரண்டாம் நாள் அதே கதையை நீங்கள் இங்கிலீஷில், விரல் வைத்து, நிதானமாக வாசியுங்கள். மூன்றாம் நாள் பிள்ளைகளோடு சேர்ந்து. நாலாம் நாள் நடுவிலிருந்து ஏதாவது ஒரு சொல்லைத் தொட்டுக் கேளுங்கள். அங்கே விழித்தால் மூடிகளை மறுபடி எடுங்கள்.

இந்தக் கட்டத்தில் எஸ்-எச், சி-எச் மாதிரி இரண்டெழுத்து ஒலிகளை ஒரே மூடியில் எழுதிச் சேர்த்துக்கொள்ளலாம். ‘கிட்’டின் பின்னால் ஒரு ஈ மூடியை வைத்தால் அது ‘கைட்’ ஆகிவிடுவதையும், ‘பின்’ ‘பைன்’ ஆவதையும் காட்டுங்கள். மகர சங்கராந்திக்குக் காற்றாடி விடும் பிள்ளைகளுக்கு இந்த ஈ மறக்கவே மறக்காது. மாதம் ஒரு முறை முதல் படியில் வைத்த தாளை எடுத்து மறுபடி வாசிக்கவையுங்கள், குழுக்களை மாற்றுங்கள்.